பாரிஸ்காரரும் ஆணி துளைத்த படமும்

பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாமல் ஒரு பிரெஞ்சுப் படம் முழுவதையும் தமிழில் சொல்லக்கூடிய ஒரே மனிதர், புக்கிட் ரோத்தான் ஊரைக்கூடத் தாண்டாத எங்கள் பாரிஸ்காரர்தான். ரப்பர் தோட்டத்தில் இன்ஜின் ஓட்டுபவர். துரை பிரான்சிலிருந்து வரவழைத்த சித்திரப் படத்தை லயத்துத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் அவர் வேலை. படத்தில் ஒரு பையன் படகேறி உலகம் சுற்றுவான்.

காட்டிலிருந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களால் ஆறு மணிக்கே ஊரடங்கு. அதனால் பகலிலேயே ரப்பர் புகைவீட்டில் வெளிச்சம் வராமல் சாக்குகளைத் தொங்கவிட்டுக் காட்டுவார். வெளியே வரும்போது நாங்கள் எல்லோரும் ரப்பர் ஷீட்டு போல மணப்போம்.

முதலில் பெயர்கள் ஓடும். உடனே தொப்பியைக் கழற்றுவார்.

"எல்லாரும் எந்திரிங்க லா! கையால வரைஞ்சவங்க பேரு ஓடுது. இந்தாளு புருவம் மட்டுந்தான் வரைவாரு. அந்தம்மா கடல் அலை. ஒரு அலைக்கு ஒரு மாசம்!"

"அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பேரைப் பாத்தாலே தெரியலையா, கிராணியம்மா?"

நான் எழுந்திருக்க மாட்டேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மனைவி எழுந்து நின்றால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற பயம்.

அப்போது என் கவலை வேறு. என் நான்கு வயது மகள் ரோஸிக்குக் காதில் சீழ். "திங்கக்கிழமைக்குள்ள கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. விட்டா காது கேக்காம போயிடும்" என்று தோட்டத்து மருந்தகத்து டிரெசர் சொல்லிவிட்டார். ஆனால் ரோஸி தோட்டத்தைச் சுற்றியிருக்கும் முள்வேலியின் வாசலைத் தாண்ட மாட்டாள். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடாதபடி, உள்ளே வரும் டப்பாக்களை வாசலிலேயே ஆணியடித்து ஓட்டை போடுவார்கள்; ஓட்டை விழுந்த சாப்பாட்டைப் பதுக்கி வைக்க முடியாது, கெட்டுவிடும். எங்கள் பால் டப்பாவில் அடித்ததைப் பார்த்தவள், அடுத்தது தன் முறை என்று நினைத்துவிட்டாள். இரண்டு முறை தூக்கிப் போனேன். மூச்சு நிற்கும் அளவுக்கு அலறினாள். திரும்பிவிட்டேன். அது பாசமா, கோழைத்தனமா, தெரியவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்கு இரவல் போயிருந்த படத்தைச் சனிக்கிழமை பாரிஸ்காரர் சைக்கிளில் கொண்டுவந்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நான். சாக்குக்குள் செங்குத்தாக நின்ற தகர டப்பாவைக் கண்டதும் புதுக் காவலர் கேட்காமலே ஆணியை இறக்கினார். உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். விதி விதிதானே என்று வாய் திறக்கவில்லை.

"ஐயையோ, உள்ள மனுசங்க வேலை இருக்குய்யா!" என்று பாரிஸ்காரர் அலறினார்.

மறுநாள் படம் ஓடியபோது, மூன்று எண்ணுவதற்குள் ஒருமுறை திரையில் வெள்ளைப் புள்ளி மின்னியது. நான் தடுக்காத ஆணியின் ஓட்டை அது. அவர் குரல் மட்டும் மாறவில்லை.

"பாத்தீங்களா? பையனுக்குத் துணைக்கு ஒரு நட்சத்திரம் வருது!"

கப்பலில், புயலில், சிங்கத்தின் மூக்கில் என்று எங்கும் நட்சத்திரம். பாதிப் படத்தில் காணாமல் போனது. படச்சுருளில் ஆணி பாதி ஆழம்தான் இறங்கியிருந்தது.

"எங்க போச்சு?" ரோஸி எழுந்தே விட்டாள்.

 பாரிஸ்காரர் அவளுடைய காதுப் பஞ்சைப் பார்த்தார்.

"வேலிக்கு வெளிய போயிருக்கு, பாப்பா. கோலா சிலாங்கூர்ல உனக்காகக் காத்திருக்கும்."

திங்கட்கிழமை ரோஸி தானே நடந்தாள். வாசலில் அண்ணாந்து கேட்டாள்: "மாமா, நட்சத்திரம் இந்தப் பக்கமா போச்சா?"

காவலர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த ஆணியை மெல்லப் பின்னால் மறைத்தார். "இப்பத்தாம்மா பஸ் ஏறிச்சு. சீக்கிரம் போ."

காது பிழைத்தது. பாரிஸ்காரரிடம் என் மௌனத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க சொல்லியிருந்தா நட்சத்திரம் ஏது லா?" என்றார்.

இப்போதெல்லாம் பெயர்கள் முடிந்ததும் அவரே ஒன்று சேர்த்துக்கொள்கிறார்: "நட்சத்திரம், நம்ம வாசல் காவல்காரரு!" அதற்குள் ரோஸிக்கும் முன்பாக நான் எழுந்து நின்றிருப்பேன். வரைந்தவர்களுக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பது, தொப்பியைக் கையில் பிடித்தபடி இருட்டில் நிற்கும் அந்த நரைத்த தலையை.