வலையைத் தூக்கிப் பார்க்கிறவர்

திறந்து பார்க்கிறவர் என்று ஓர் இனம் உலகத்தில் உண்டு. உறை ஊற்றிய பாலைச் சாய்த்துப் பார்ப்பார், ஊன்றிய விதையைத் தோண்டிப் பார்ப்பார், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் மூடியைக் கழற்றி ஃபைபர் படகை நடுக்கடலில் நிற்க வைப்பார், கேட்டால் "சும்மா பாத்தேன்" என்பார். சும்மா பார்த்தே அவர் கெடுத்தவை கொஞ்சமா நஞ்சமா?

லைட்ஹவுஸ் குப்பத்துச் சுப்பராயலு இந்த இனத்துக்குத் தலைவர். அடுப்பில் கொதித்த இறால் குழம்பைத் திறந்து பார்க்கப் போனார். சட்டி சரிந்து மனைவி லோகநாயகியின் பாதத்தில் கொட்டியது. சுடுமணலில் நின்று மீன் காயவைத்துப் பிழைக்கிற கால். தோல் வழன்றுவிட்டது.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் நந்தினி புண்ணின் மேல் டிஷ்யூ பேப்பர் போல ஒன்றை வைத்தார். மின்சாரத்தால் இழுத்து நூற்ற, கண்ணுக்கே தெரியாத பாலிமர் இழைகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு தோலின் செல்கள் வளருமாம். கடலோரத்து ஆளுக்குப் புரியட்டுமே என்று, "வலை மாதிரிண்ணே" என்று சொல்லிவைத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"எப்ப தூக்கணும்?"

"தூக்கவே கூடாது. தோல் வளர வளர அதுவே கரைஞ்சிடும்."

"கரையிற வலைய எவன் வாங்குவான்?"

விரித்த வலையைத் தூக்கிப் பார்க்காமல் எந்த மீனவனால் இருக்க முடியும்? வீட்டுக்கு வந்த சில நாளில், லோகநாயகி அசந்திருந்த நேரம் பார்த்து, கட்டைப் பிரித்து ஓரத்தை மெல்லத் தூக்கினார். வலையோடு புதுத் தோலும் உரிந்து வந்தது.

"இன்னாய்யா பண்ற?"

"இன்னா மாட்டிருக்குதுன்னு பாத்தேன்."

இந்த இடத்தில் எனக்கே சிரிப்பு நின்றுவிட்டது. லோகநாயகி அன்று முழுக்க அழுதார்.

மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி வலை. இதுவும் பிடிக்காவிட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்துத்தான் ஒட்ட வேண்டும் என்றார் டாக்டர். லோகநாயகி புருஷனின் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டாக்டரம்மா, அப்படியே இவருக்கும் ஒரு கட்டு போட்டுடுங்க. ரெண்டு கையிலயும்."

போட்டார்கள். பாதத்தில் தோல் வளர்ந்தது, வலை கரைந்தது, லோகநாயகி மணலில் இறங்கிவிட்டார். சுப்பராயலு? தம் கைக்கட்டுக்குள் ஏதாவது வளர்கிறதா என்று பல்லால் பிரித்துப் பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். முழங்கால் புண்ணின் பொருக்கை உரித்துப் பார்த்தவர் யார்? அது போகட்டும். லோகநாயகியின் கால் பிழைத்ததா என்று இந்தக் கடைசிப் பகுதியை முதலிலேயே தூக்கிப் பார்த்துவிட்டுத்தானே மேலே போனீர்கள்?