மோதிர விரல் தோஷம்

ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதருக்கு அடுத்தபடியாக நீளமான வரிசை அந்த மாதம் சின்னையனுக்குத்தான் நின்றது. முசிறியில் வாழைத்தார் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர், கொள்ளிடத்தைத் தாண்டியதும் 'அங்குலிச் சித்தர்', அதாவது விரல் சித்தர், ஆகிவிட்டார். அம்மா மண்டபம் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் பேனர்: 'பியானோ கைவரவில்லையா? பயிற்சி வேண்டாம், பரிகாரம் போதும்!'

பயிற்சி வேண்டாம் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஆசையாகக் கீபோர்டு வாங்கி, அதன்மேல் துணி காயப்போட்டவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

சித்தரின் சோதனை எளிது. "கையை மேசைமேல வைங்க. நடுவிரலை உள்ளே மடக்குங்க. இப்ப மோதிர விரலை மட்டும் தூக்குங்க."

தூக்க முடியாது.

"தோஷம்!" என்பார். கயிறு கட்டி, எண்ணெய் தடவி, ஏதோ முணுமுணுத்து, "இப்ப கையை நல்லா விரிச்சுத் தூக்குங்க" என்பார். விரல் துள்ளி எழும். மண்டபம் கைதட்டும்.

ரஞ்சனியும் போனாள். பியானோ பழக ஆரம்பித்த புதிது. நாலாவது விரலான மோதிர விரல் தடுமாறியது. ஆசிரியை பேட்ரிசியா சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "மெதுவா வாசிங்க. ஒவ்வொரு கையாப் பழகுங்க." இந்தச் சப்பென்ற அறிவுரைக்கு யார் வரிசையில் நிற்பார்கள்?

சோதனையில் அவள் விரலும் எழவில்லை. சித்தர் அவள் இடுப்பிலிருந்த மகனைப் பார்த்தார். "பையன் பேசுறானா?"

"ரெண்டு வயசாகுது. இன்னும் பேச்சு வரலைங்க சாமி."

"எப்படி வரும்? நீங்க இந்த விரலால கட்டையை அமுக்க அமுக்க, அவன் நாக்கு கட்டுப்படுது. உங்களுக்குக் கயிறு போதாது. பெரிய ஹோமம் பண்ணணும்."

வீட்டுக்கு வந்தவள் கீபோர்டைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். மகனை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கணவன் பாலு விசாரித்தான். "விரலை எப்படி மடக்கச் சொன்னாரு?" தானும் மடக்கிப் பார்த்தான். "என்னோடதும் எழலையே! நான் பியானோ என்ன, விசில்கூட அடிச்சதில்லையே!"

ரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்து வீட்டு நசீராவின் கையை மேசைமேல் வைக்கச் சொன்னாள். எழவில்லை. தெருமுனையில் இஸ்திரி போடும் பிச்சைக்கும் எழவில்லை. பியானோவைக் கண்ணால் காணாத பிச்சைக்குமா தோஷம்? பயம் போன இடத்தில் கோபம் வந்தது. பேசாத பிள்ளையைக் காட்டியல்லவா மிரட்டியிருக்கிறான்!

மறுநாள் நிறைந்த சபையில் எழுந்து நின்றாள். "சாமி, உங்க விரலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

"சித்தனுக்கே சோதனையாம்மா?"

"தோஷமில்லாத விரல் எப்படி எழும்னு பார்க்கணுங்க."

பக்தர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. "காட்டுங்க சாமி!" என்றார்கள்.

வேறு வழியில்லை. சித்தர் கையை வைத்தார், நடுவிரலை மடக்கினார். முகம் சிவந்தது. நெற்றி வேர்த்தது. கழுத்து நரம்புகள்கூட எழுந்தன. விரல் மட்டும் எழவில்லை. நடுவிரலை மெல்ல நீட்டப் பார்த்தார்.

ரஞ்சனி அதை அழுத்திப் பிடித்தாள். "இது மடங்கியே இருக்கட்டும். கயிறு கட்டினப்புறம் 'விரிச்சுத் தூக்குங்க'ன்னு சொல்லி இதைத்தானே நீட்ட வச்சீங்க?"

கையில் கயிறோடு நின்ற எலும்பு டாக்டர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "நடுவிரல் தசைநாரும் மோதிர விரல் தசைநாரும் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்குங்க. அதை மடக்கினா இது எழாது. காலேஜ்லயே படிச்சேன்."

"அப்புறம் ஏன் டாக்டர் கயிறு கட்டிக்கிட்டீங்க?"

"அது பரீட்சைக்குப் படிச்சதும்மா."

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் சித்தர் சமையற்கட்டு வழியாக மறைந்தார்.

"அப்ப விரல் பழக என்னதாம்மா பரிகாரம்?" என்றார் ஒருவர், விடாமல்.

"நாலாவது விரல் எல்லாருக்குமே சோம்பேறிதாங்க. தினமும் அதை வேலை வாங்கணும்."

கூட்டம் முகம் வாடிக் கலைந்தது. சித்தர் ஏமாற்றியது தெரிந்தபோதுகூட அவ்வளவு வாடவில்லை!

இதைப் படிப்பவரே, நீங்களும் கையை மேசைமேல் வைத்து நடுவிரலை மடக்கிப் பாருங்கள். சித்தர் சொன்னதைக் கூட்டம் நம்பியதுபோல், நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.