கொரியா ஆசாரியின் சுடுதரை

ரங்கூன் வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தரைக்கு அடியில் அடுப்பு மூட்டி, அதன்மேல் பாய் விரித்துப் படுத்தவர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். அவர் தன்லியின் ஊர்க் கொரியா ஆசாரி.

போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டபின், வேறு வேலை தேடிப் பாலம் தாண்டித் தன்லியினுக்கு வந்திருந்தேன்.

"மண்ணு குழைப்பியா?"

"குழைப்பேன் ஆசாரி."

"கொரியா மண்ணு மாதிரி இருக்கணும்."

ஆற்று மண் எப்படிக் கொரியா மண்ணாகும் என்று எனக்கு இன்றும் தெரியாது. சோறு கிடைத்தது, குழைத்தேன்.

கொரியாவில் பழைய ஓட்டு வீடுகளைப் புதுப்பிக்கும் மரவேலையில் பல வருஷம் இருந்தவர் ஆசாரி. அங்கே ஆளில்லாமல் போன ஒரு கிராமம், அந்த வீடுகளைப் பார்க்க ஜனம் வந்தே பிழைத்துக்கொண்டதாம். எங்கள் தெருவும் பிழைக்க வேண்டியிருந்தது. முனையிலிருந்த தொழிற்சாலை மூடியபின், மீன்குழம்பில் அரிசிச் சேவை போட்டு மொஹிங்கா விற்கும் டோ மியாவின் கடைக்கு ஈக்கள்தான் வாடிக்கை. தமிழ் அப்பாவுக்கும் பர்மிய அம்மாவுக்கும் பிறந்த அந்த அம்மாள், அப்படியொரு வீடு கட்டத் தன் ஆற்றோர மனையையே ஆசாரியிடம் விட்டுவிட்டார்.

"ஆளுங்க வரலேன்னா கடைய மூடிட்டு தாமுவேக்கு, மக வீட்டுக்குப் போயிருவேன். அங்க மருமகன்கிட்ட பேச்சு கேக்கணும்."

வீடு எழுந்தது. வளைந்த கூரை, காகிதக் கதவு, எண்ணெய்க் காகிதம் ஒட்டிய கல்தரை, அதற்கடியில் புகை ஓடும் வழி.

"குளிர் நாட்டுக்குச் சரி ஆசாரி. இங்க எதுக்கு அடுப்பு?"

"அடுப்பு இல்லேன்னா வீடில்லடா, கொட்டாய்."

டோ மியா முறைப்படி தூணில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காயைக் கட்டினார். வீட்டைக் காக்கும் நாட் தெய்வத்துக்கு அது. அந்த நாட் முன்னொரு காலத்தில் மனிதராக இருந்து தீயில் வெந்து செத்தவர். அந்தப் புண்ணுக்குத் தேங்காய்த் தண்ணீர்தான் குளிர்ச்சி. அப்படிப்பட்டவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து அடியில் தீ மூட்டுகிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தூறல் விழுந்த ஒரு பகலில் முதல் தீ எரிந்தது. தேங்காய் வியர்த்தது. மறுநாள் குலுக்கினேன், ஓட்டில் விரிசல் இல்லை, உள்ளே ஒரு சொட்டும் இல்லை. மாற்றினோம். அதுவும் காய்ந்தது. ஆசாரி தேங்காய்க் கடைக்காரனைத் திட்டினார்.

பிறகு ஒரு மத்தியானம், காகிதக் கதவில் ஒரு நிழல் தெரிந்தது. யாரோ உள்ளே நின்று ஒரு காலைத் தூக்கி வைத்து, மறுகாலைத் தூக்கினார்கள். கதவைத் தள்ளினேன். அறை காலி. முடி கருகிய வாடை மட்டும் இருந்தது. ஆசாரியிடம் சொன்னேன்.

"சாப்பிட்டியாடா?" என்றார்.

திறப்பு நாளன்று கொரியா நாடகப் பைத்தியம் பிடித்த பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வாடகைக்கு எடுத்த கொரியப் பாவாடைகள் குடைபோல் விரிந்திருந்தன. காகிதக் கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஒருத்தி போனைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"உள்ள யாரு குதிக்கிறது?"

அடுத்த நிமிஷம் பாவாடைகளெல்லாம் பஸ்ஸை நோக்கிப் பறந்தன. டோ மியா கரண்டியோடு நின்றார். பானை நிறைய மொஹிங்கா அப்படியே இருந்தது. கதவில் குதிக்கும் கால்களின் நிழலை அவரும் பார்த்துவிட்டார்.

"ஐயோ ஆசாரி, அவரு வெந்து செத்தவரு! நீங்க திரும்பவும் வேக வைக்கிறீங்க!"

"இத முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?"

"எனக்கே இப்பத்தான உறைக்குது!"

ஆசாரி உள்ளே போய்த் தூணுக்கு முன்னால் மண்டியிட்டார். "ஐயா, கொரியாவுல யாரும் கோவிச்சுக்கல. அந்தப் பழக்கத்துல செஞ்சுட்டேன்." தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தார். நான் குழைத்த மண்ணாலேயே அடுப்பு வாயை அடைத்தார். உதவிக்குப் போன என்னைத் தள்ளிவிட்டார்.

அதன்பின் தேங்காய் காயவில்லை. பயந்து ஓடிய பெண்களே நிழலைக் காட்டத் தோழிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த நிழல் இப்போதும் சில பகல்களில் தெரிகிறது. காலை நீட்டிப் படுத்திருக்கிறது. எழுப்பிவிடக் கூடாதென்று எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்து நடக்கிறார்கள். வெளியே வந்ததும் நடுக்கம் தீர மொஹிங்கா கேட்கிறார்கள். டோ மியா தாமுவே பேச்சை எடுப்பதில்லை.

ஆசாரி மனையின் கடைசி மூலையில், சூடு வீட்டை எட்டாத தூரத்தில், தனக்கென்று ஒரு கல்மேடை கட்டிக்கொண்டார். அடியில் விறகு எரியும். தார் உருகும் ஏப்ரலிலும் மேலே தனியாக உட்கார்ந்திருப்பார். வேறு யாரும் கிட்டே போவதில்லை.

எந்த ஊரில் அலைந்தாலும் வருஷத்துக்கு ஒருதரம் போய் அவர் பக்கத்தில் உட்காருகிறேன்.

"சூடு ஏறுதா?"

எனக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கும்.

"இன்னும் ரெண்டு விறகு போடுங்க ஆசாரி. குளிருது."