கரையேறிய துறவி

கல்லின் பின்புறத்தில் இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. பாலன் வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது.

முந்நூறு வருஷத்துக்கு முன் கப்பல் உடைந்து மோரிப்பில் கரையேறிய ஜப்பானியத் துறவி நட்ட கல் என்று கோலாலம்பூரில் ஜப்பானிய அதிகாரி சொல்லியிருந்தார். வாத்தியார் பிரிக்பீல்ட்ஸில் சரித்திரம் நடத்தியவர். ஜப்பான்காரன் வந்து பள்ளிக்கூடம் மூடியபின் அந்த அதிகாரியிடம் குமாஸ்தா.

"போய்ப் பார்த்து வா. உண்மையென்றால் அது புனித இடம். கல் இருக்கும் தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் வேலைக்கு அனுப்ப மாட்டேன்" என்று அவர் மலாயில் சொன்னார்.

சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் இதுவரை திரும்பவில்லை. வாத்தியாரின் தங்கை புஷ்பவல்லி வாழ்க்கைப்பட்டது இந்தத் தோட்டத்தில்தான். அவள் புருஷன் சின்னையாவும் மற்ற ஆண்களும் கடலோரச் சதுப்புக் காட்டில் ஒளிந்து, கொசுவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே சரித்திரம் உண்மையாகியே தீரவேண்டும்.

"இது வெள்ளைக்காரன் நட்ட எல்லைக் கல்லு, கங்காணி. துறவி கதைய யாரு சொன்னா?"

"கிள்ளான் பாசார்ல பேசிக்கிட்டாங்க" என்றார் கங்காணி இராமலிங்கம். "உசுரு தப்பும்னா நல்லதுதானேன்னு நாங்களும் சொல்லிக்கிட்டோம்."

வாத்தியார் தாம் வந்த காரைப் பார்த்தார். அதிகாரியின் டிரைவர் கௌஸ் இறங்கவே இல்லை. "இந்தக் கதைய நம்புறீங்களா கௌஸ்?"

"நான் வண்டி ஓட்டுறவன் லா, சார்."

எழுத்துகளின் மேல் மஞ்சளைக் குழைத்து அப்பச் சொன்னார் வாத்தியார். மஞ்சள் பூசிய கல்லைச் சும்மா விடுகிற ஜனமா நம் ஜனம்? குங்குமம் வந்தது, அரளி மாலை வந்தது, ஒரு வாரத்தில் துறவிக்கு ஒரு வேலும் வந்து சேர்ந்தது.

அதிகாரியும் வந்து சேர்ந்தார்.

"எங்கள் துறவிக்கு எதற்கு வேல்?"

"இங்க அவரு சாமியாயிட்டாரு, துவான். வருஷா வருஷம் திருவிழா. வீட்டுக்கு ஒரு ஆம்பளை காப்புக் கட்டிக்குவான்." சரித்திர வாத்தியார் பொய் சொல்ல ஆரம்பித்தால் லேசில் நிறுத்த முடியாது. "மணிக்கட்டுல மஞ்சக் கயிறு, துவான். கட்டினவன் திருவிழா முடியிறவரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக்கூடாது."

அதிகாரி கல்லின் முன் மண்டியிட்டு வணங்கினார். எழுந்து முழங்கால் மணலைத் தட்டினார்.

"நல்ல வழக்கம். இந்த வருஷமும் நடத்துங்கள். ஒவ்வொரு வீட்டு ஆணும் வரவேண்டும். வராவிட்டால் கதை பொய் என்று எழுதிவிடுவேன். காப்புக் கட்டியவனை அனுப்ப மாட்டேன்."

தோட்டத்தில் மிச்சமிருந்ததோ பெண்களும் கிழவர்களும். வாத்தியார் தங்கையிடம் போனார்.

"அவரு வரமாட்டாருண்ணே. பயப்படுறாரு" என்றாள் புஷ்பவல்லி.

"அந்தாளு கல்லு முன்னால மண்டி போட்டத என் கண்ணால பாத்தேன். சின்னையாவுக்கு நான் பொறுப்பு. கூட்டிட்டு வா."

"நீ சொன்னா சரிதாண்ணே." புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் சேற்றில் இறங்கினாள். அவள் சொல்லை நம்பி மற்ற பெண்களும் இறங்கினார்கள்.

திருவிழா அன்று தப்பு மேளச் சத்தம் கேட்டு ஆண்கள் முழங்கால் சேற்றோடு வரிசையாக வந்தார்கள். சின்னையாவுக்கு வாத்தியாரே தம் கையால் கட்டினார்.

"வெயில் மேல பட்டு எவ்வளவு நாளாச்சு மச்சான்" என்று சிரித்தான் அவன்.

கடைசி முடிச்சு விழுந்ததும் ரப்பர் மரங்களுக்குப் பின்னாலிருந்து லோரிகள் வந்தன. சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் தள்ளி ஏற்றினார்கள். காப்புக் கட்டிய கைகள் லோரிப் பலகையைப் பிடித்தபடியே எல்லையைத் தாண்டிப் போயின. புஷ்பவல்லி அழவில்லை. அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்குப் பதில் அவள் அவரை அடித்திருக்கலாம்.

வாத்தியார் காருக்கு ஓடினார். "கௌஸ், கல்லுல இங்கிலீஷ் எழுத்து இருந்தது அவருக்குத் தெரிஞ்சுபோச்சா? பொய்ய நான் ஒழுங்காச் சொல்லலியா?"

கௌஸ் பீடியை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"உங்க பொய்யில ஒரு குறையும் இல்ல சார். போன மாசம் ஜெராம்ல, அதுக்கு முன்ன கோலசிலாங்கூர்ல. ஆம்பளைங்க ஒளிஞ்சிருக்கிற எடமாப் பாத்துத்தான் அந்தத் துறவி கரையேறுவாரு."