இருபத்து மூன்று புள்ளி எட்டு

ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

அது ஓடக் கூடாது. நாற்பது வருஷமாக ஓடாமல் நிற்பதுதான் அதன் உத்தியோகம். தேசிய விளையாட்டு மரபுக் காட்சியகம் என்று வாசலில் பெயர் என்னவோ பெரிதாக எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பது ஒரு பழைய ஷட்டில் கோர்ட். தரையில் வெள்ளைக் கோடுகள்கூட இன்னும் அழியவில்லை. விரிசல் விட்ட மட்டை ஒன்று, நாராகிப்போன குத்துச்சண்டைக் கையுறைகள், காற்றுப் போன கால்பந்து என்று ஓரமாக என்னென்னவோ இருந்தன. ஆனால் ஜனங்கள் வருவது நடுவில் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கத்தான். இருநூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு பெண் தேசிய சாதனை படைத்த அந்த நொடியில் நின்ற ஸ்டாப்வாட்ச். முள் நின்ற இடம் இருபத்து மூன்று புள்ளி எட்டு. கீழே பித்தளைத் தகட்டிலும் அதே எண்.

இப்போது அது காப்பாளரின் உள்ளங்கையில் டிக் டிக் என்று ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, நில்லு! நில்லு!" என்றார் காப்பாளர், ஏதோ பஸ்ஸை நிறுத்துவதுபோல.

தப்பு அவர் மேல் இல்லை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் முழுக்க அவர் மேல்தான். இன்றைக்கு அந்தச் சாதனையின் ஆண்டு விழா. ஓடிய அம்மாவே நேரில் வருகிறார். அன்றைக்கு இந்த வாட்சைப் பிடித்திருந்த நேரக்கணிப்பாளரும் கூட வருகிறார். வருஷக்கணக்காகத் தற்காலிகம், தற்காலிகம் என்று இழுத்துக்கொண்டிருந்த காப்பாளருக்கு, அவர்கள் முன்னிலையில் நிரந்தர வேலைக்கான ஆர்டரை டைரக்டர் கொடுக்கப்போகிறார். அந்தச் சந்தோஷத்தில் மனுஷர் விடியற்காலையிலேயே வந்து எல்லாவற்றையும் துடைத்தார். துடைத்தவர் பெட்டியோடு நிறுத்தியிருக்கலாம். முள்ளின் மேல் ஒரு தூசி தெரிந்தது. திறந்தார். எடுத்தார். துடைத்தார். கட்டைவிரல் தலைப் பொத்தானில் பட்டது.

முள் சட்டென்று பூஜ்யத்துக்கு ஓடிப்போனது. பதறிப்போய் மறுபடி அமுக்கினார். ஓட ஆரம்பித்தது.

"அது மேல விரல் பட்டா, விரலோட சேர்த்து வேலையும் போயிடும்." டைரக்டர் அவரை வேலைக்குச் சேர்த்த அன்றைக்குச் சொன்ன முதல் வாக்கியம் இது. நல்வரவு எல்லாம் அப்புறம்தான்.

காப்பாளர் பொத்தானை அமுக்கினார். முப்பத்தொன்றில் நின்றது. மறுபடி அமுக்கினார். பூஜ்யம்.

சரி, இதென்ன பிரமாதம்? ஓட விட வேண்டியது, இருபத்து மூன்று புள்ளி எட்டு வந்ததும் அமுக்க வேண்டியது. அவ்வளவுதானே?

இருபத்து நான்கு புள்ளி இரண்டு.

இருபத்து மூன்று புள்ளி நான்கு.

இருபத்து நான்கு.

"ஏங்க, தனியா யார்கூடப் பேசிட்டு இருக்கீங்க?" என்று வந்தாள் மனைவி. டிக்கெட் கவுண்டரில் உட்காருவது அவள்தான். விஷயத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! சும்மா இருக்க மாட்டீங்களா? வீட்லயும் இப்படித்தான், நல்லா ஓடிட்டிருந்த ஃபேனைத் துடைக்கறேன்னு கழட்டினீங்க."

"அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு? சரியா அமுக்க வரலம்மா எனக்கு."

"இங்க குடுங்க. பால் பொங்கறதுக்கு முன்னாடி அடுப்பை அணைக்கறவ நான். இது ஒரு வேலையா?"

அவள் கண்ணைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து, முள்ளையே பார்த்தாள். இருபத்து மூன்று தாண்டியது.

"இப்ப!" என்று அலறினார் காப்பாளர்.

அவள் திடுக்கிட்டு அமுக்கினாள். இருபத்து மூன்று புள்ளி ஆறு.

"எதுக்குக் கத்தினீங்க?"

"உனக்கு உதவி பண்ணலாம்னு..."

"நீங்க உதவி பண்ணாம இருக்கறதுதான் பெரிய உதவி!"

சத்தம் கேட்டு வாசலிலிருந்து காவலாளி ஓடி வந்தார். ஒரு காலத்தில் கால்பந்து அணியில் இருந்தவர். இருந்தார் என்றால், ஓரத்து பெஞ்சில் இருந்தார். ஒரு ஆட்டத்திலும் இறக்கிவிடவில்லை. அதனால் ஊருக்கே அவர் 'பெஞ்சு'.

"தம்பி, நகருங்க. நான் இறங்கறேன்," என்றார் பெஞ்சு. இந்த வார்த்தையைச் சொல்ல ஆயுசு பூராவும் காத்திருந்தவர்போல இருந்தது அவர் முகம்.

முள் பதினெட்டைத் தொட்டதுமே அமுக்கிவிட்டார்.

"என்ன அண்ணே இது!"

"ஆர்வம் தாங்கல தம்பி."

அதோடு விட்டாரா? யோசனை வேறு சொன்னார். "பொத்தான் முரட்டுத்தனமா இருக்கு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டா வெண்ணெய் மாதிரி அமுங்கும்." பெட்டிப் பூட்டுக்குப் போடும் எண்ணெயை அவரே கொண்டுவந்தார். சொட்டு என்பது அவர் அகராதியில் கொஞ்சம் பெரிய அளவு. பொத்தான் உண்மையிலேயே வெண்ணெயாகிவிட்டது. மூச்சு பட்டால் ஓடியது. தும்மினால் நின்றது.

ஆனால் பாருங்கள், அந்த எண்ணெய்க்குப் பிறகுதான் அதிசயம் நடந்தது. காப்பாளர் அமுக்கினார். முள் நின்றது. மூன்று தலைகளும் குனிந்து பார்த்தன.

இருபத்து மூன்று புள்ளி எட்டு!

"வந்துடுச்சு!" என்று துள்ளினார் பெஞ்சு. "ஏங்க, ஜெயிச்சிட்டீங்க!" என்று மனைவி பூரித்துப்போய் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

பூஜ்யம்.

காப்பாளர் மறுபடி பொத்தானை அமுக்கினார்.

அப்புறம் சாவி தீர்ந்து வாட்ச் படுத்துக்கொண்டது. சாவி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை முயற்சி என்று யாரும் எண்ணவில்லை. காப்பாளரின் கட்டைவிரல் சிவந்து, வீங்கி, தக்காளி மாதிரி ஆனது. முள் பெரும்பாலும் இருபத்து மூன்று புள்ளி ஒன்பதிலேயே போய் நின்றது. "தகட்டுல எட்டை ஒன்பதுன்னு மாத்திட்டா என்ன தம்பி? ஒரே ஒரு புள்ளிதானே?" என்றார் பெஞ்சு.

"அண்ணே! அந்த அம்மா அந்த ஒரு புள்ளிக்காக எத்தனை வருஷம் ஓடினாங்க தெரியுமா? தேசிய சாதனையைத் திருத்தச் சொல்றீங்களே, நல்லா இருப்பீங்களா?"

அந்த நேரம் பார்த்து டைரக்டர் உள்ளே வந்தார். விழாவுக்கென்று சலவைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், சட்டைப் பையில் ஒரு வெள்ளை உறை. அதுதான் ஆர்டர். காப்பாளர் வாட்சைத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். போட்ட வேகத்தில் அது ஓட ஆரம்பித்தது. பெஞ்சு போய்க் காலிப் பெட்டியை மறைத்துக்கொண்டு விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"எல்லாம் தயாரா?"

"தயார் சார்."

டிக் டிக் டிக் டிக்.

டைரக்டர் காதைத் திருப்பினார். "ஏதோ சத்தம் கேக்குதே?"

"அவரு நெஞ்சு சார்," என்றாள் மனைவி சட்டென்று. "ஆர்டர் கிடைக்கப்போகுதில்ல, காலையிலிருந்து இப்படித்தான் அடிச்சுக்குது."

டைரக்டரின் பார்வை காப்பாளரின் கட்டைவிரலில் வந்து நின்றது. நின்றது என்றால், ரொம்ப நேரம் நின்றது. காப்பாளருக்கு உயிரே போய்விட்டது.

"வெந்நீர்ல கல்லுப்புப் போட்டு விரலை முக்கி வை," என்றார் டைரக்டர் மெதுவாக. "ரெண்டு நாள்ல வீக்கம் வடிஞ்சிடும்." சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

"பாத்தியா, என்ன தங்கமான மனுஷன்!" காப்பாளருக்குக் கண் கலங்கியது. "இவரையா ஏமாத்தறேன் நான்! உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. சொல்லிட்டு வேற வேலை தேடுங்க," என்றாள் மனைவி. "வீட்டு ஓனர்கிட்ட நிரந்தரம் ஆகப்போறீங்கன்னு வாய் ஓயாம சொல்லி வச்சிருக்கேன்."

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க!" பெஞ்சு வாசலுக்கு ஓடினார். மனைவி மெயின் சுவிட்சைப் போட ஓடினாள். காப்பாளர் வாட்சை எடுத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

சுவிட்ச் போட்டதும் விளக்குகள் எரிந்தன. கூடவே மூலையில் இருந்த ஸ்பீக்கரும் உயிர்பெற்றது. பார்வையாளர்களுக்காகத் தினமும் போடுகிற அந்தப் பழைய ஓட்டத்தின் வானொலி வர்ணனை.

டுமீல்!

காப்பாளரின் விரல் தானாகவே அமுக்கியது.

"புறப்பட்டுவிட்டார்கள்! மூன்றாவது தடத்தில் நம் பெண்!" என்று ஸ்பீக்கர் அலறியது. காப்பாளர் முள்ளைப் பார்க்கவே இல்லை. அவர் அந்த மைதானத்தில் இருந்தார். "வளைவில் முந்துகிறார்! முந்திவிட்டார்!" மனைவி கையை மடக்கிக்கொண்டு, "ஓடு, ஓடு, விட்டுடாதே!" என்று குதித்தாள். வாசலுக்குப் போன பெஞ்சு பாதி வழியிலேயே நின்று, "அப்படிப் போடு தாயி!" என்று கத்தினார். தினமும் கேட்கிற ஓட்டம், முடிவு தெரிந்த ஓட்டம், ஆனாலும் மூன்று பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. "இதோ கோடு! இதோ நாடா! அறுத்துவிட்டார்!"

அமுக்கினார்.

இருபத்து மூன்று புள்ளி எட்டு.

இந்த முறை யாரும் துள்ளவில்லை. யாரும் யாரையும் தட்டவில்லை. மூச்சைக்கூட விடாமல் வாட்சைப் பெட்டிக்குள் வைத்து, மூடி, பூட்டி, அதற்குப் பிறகுதான் மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

ஓடிய அம்மா கம்பீரமாக உள்ளே வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நேரக்கணிப்பாளர் வந்தார். விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இன்னமும் விசில் தொங்கியதால் 'விசில் டீச்சர்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

டைரக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு பெட்டி அருகில் நின்றார். "இந்தக் காட்சியகம் தொடங்கினப்போ நான்தான் இங்க காப்பாளர். டீச்சர் இதை என் கையிலதான் குடுத்தாங்க. அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு விரல் இது மேல பட்டதில்லைன்னு பெருமையாச் சொல்லுவேன். அந்தப் பொறுப்பை இனிமே நிரந்தரமா..." என்று உறையை எடுத்தார்.

காப்பாளர் வீங்கிய விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மறு கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்," என்றார் விசில் டீச்சர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெட்டியில் முகம் ஒட்டும்படி குனிந்தார். "இதுல நேரம் தப்பா இருக்கே."

உறை பாதி வழியில் அப்படியே நின்றது. மனைவி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது, எல்லாம் முடிந்தது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று காப்பாளர் வாயைத் திறந்தார்.

ஆனால் டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. டைரக்டரைப் பார்த்துப் பொக்கை வாய் தெரியச் சிரித்தார்.

"நானும் ஒவ்வொரு தடவையும் கேக்கணும் கேக்கணும்னு நினைச்சுட்டு, பாவம், அப்போ காப்பாளரா இருந்த உங்க வேலை போயிடக் கூடாதேன்னு வாயை மூடிட்டுப் போயிடுவேன் டைரக்டர் சார்; முதல் இடம், ரெண்டாம் இடம்னு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஆள் நேரம் பார்ப்போம், அன்னிக்கு நான் பார்த்தது ரெண்டாவதா வந்த பொண்ணுக்கு, உங்க கையில குடுக்கறப்போ இதுல இருந்தது இருபத்து நாலு புள்ளி அஞ்சு, சரி, இப்பவாவது சொல்லுங்க, அடுத்த தடவை நான் வந்தப்போ உங்க கட்டைவிரல் தக்காளி மாதிரி இருந்துச்சே, வீக்கம் வடிய எத்தனை நாள் ஆச்சு?"