பூட்ஸ் இல்லாத மருமகள் வேண்டாம் என்று நான் சொன்னது பற்றி

அய்யா துணை

நெடுவரம்பு, சுசீந்திரம் வழி
கார்த்திகை 10, செவ்வாய்க்கிழமை

மஸ்கட்டில் இருக்கும் மதிப்புக்குரிய அத்தான் சுயம்புலிங்கம் அவர்களுக்கு, மைத்துனன் முருகதாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சொர்ணம்மாளும் மகன் ஸ்ரீகுமாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு இருக்கும் குறையைக் கீழே எழுதுகிறேன். அங்கே நீங்களும் அக்காவும் சுகம்தானே? அக்காவின் முட்டுவலிக்குக் கொடுத்தனுப்பிய தைலத்தைக் காலில் தேய்க்கச் சொல்லவும். அலமாரியில் அழகுக்கு வைத்தால் வலி போகாது.

வாட்ஸாப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நம் விடிவெள்ளி ஃபுட்பால் கிளப் குரூப்பிலிருந்து நான் வெளியேறி இரண்டு நாள் ஆகிறது. நானாக வெளியேறினேன். நீக்கினார்கள் என்று நம் ரசிகர் கூட்டத்து ஜெபகனி உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். உங்களுக்குத் தனியாக மெசேஜ் போட்டாலும் நீங்கள் அதைக் குரூப்பில் தட்டிவிடுவீர்கள், போன ஓணத்துக்கு அப்படித்தான் செய்தீர்கள். அதனால் வெள்ளிக்கிழமை விமானம் ஏறும் கிருஷ்ணமணியிடம் கவரை நன்றாக ஒட்டிக் கொடுக்கப்போகிறேன். நல்ல ஒரு சம்பந்தத்தைப் பந்துக்காக நான் கெடுத்துவிட்டேன் என்று அக்கா போனில் சொர்ணத்திடம் அழுதாளாம். நடந்தது என்ன என்று முழுசாகக் கேளுங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் நான் மாறப்போவதில்லை.

நம் பெண்கள் அணிக்குப் பரம எதிரியான பனங்குழிவிளை பிரதர்ஸ் பெண்கள் அணியை உங்களுக்குத் தெரியும். பெண்கள் அணிக்கு எதற்கு பிரதர்ஸ் என்று கேட்டால், கிளப் ஆரம்பித்தபோது வைத்த பெயர், போர்டு நன்றாக இருக்கிறது, மாற்ற மனசில்லை என்பார்கள். அந்த அணியில் சபிதா என்று ஒரு பெண் இருக்கிறாள். தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். எட்டு வருஷமாக நாம் கோப்பையைக் கையால் தொடாமல் இருப்பதற்குக் காரணம் அவளுடைய இடது கால் ஒன்றுதான். போன சித்திரை ஃபைனலில் கார்னர் பக்கமிருந்து அவள் வளைத்து அடித்த பந்து உள்ளே போவதை நம் கோல்கீப்பர் அஞ்சு, பஸ் போவதைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கோட்டுக்கு வெளியே நின்று சபிதாவைப் பார்த்துச் சில வார்த்தைகள் கத்தினேன். அவற்றை இங்கே எழுத முடியாது. அவள் ஓடிவந்து என் முன்னால் நின்று, இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மைதானமே சிரித்தது, அத்தான். அன்று முதல் அந்தப் பெண்ணைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அப்படிப்பட்டவளின் போட்டோவைத்தான் தரகர் நம் ஸ்ரீகுமாருக்கு என்று கொண்டுவந்து நீட்டினார். சேலை கட்டிப் பூ வைத்திருந்ததால் எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. “பிள்ளை லட்சணமாட்டு இருக்காளே” என்று வாயை விட்டுவிட்டேன். பதினோரு போட்டோவுக்கு முகம் சுளித்த நம் பையன், முப்பத்து நாலு வயசுக்காரன், இந்தப் போட்டோவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் “சரிப்பா” என்றான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நம் அணிக்குக் கோச்சாக இருப்பவன், எதிரணியைக் கவனிக்கிறேன் என்று சொல்லி வாரம் இரண்டு நாள் பனங்குழிவிளை மைதானத்துக்குப் போனவன். என்னத்தைக் கவனித்தானோ! பெயரைக் கேட்டதும் நான் குதித்தேன். இந்த வீட்டு நடையை அவள் மிதித்தால் நான் அந்த நடையில் இருக்கமாட்டேன் என்றேன். சொர்ணம், “அப்ப எங்க போய் இருப்பியோ, இப்பமே சொல்லிருங்கோ, பாய் கொடுத்து விடணும்” என்றாள்.

இந்த இடத்தில், ஊர்ப் பொதுச் செலவுக்கு வீட்டுக்கு வீடு கொடுக்கும் வரி விஷயத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், அக்காவுக்காக எழுதுகிறேன். அணிக்கு ஏழு பேர் ஆடும் சித்திரை செவன்ஸ் போட்டியில் ஒரு குடும்பம் எந்த ஊருக்கு வரி கொடுக்கிறதோ, அந்த வீட்டு ஆள் அந்த ஊருக்குத்தான் ஆட முடியும். காசைக் காட்டி யாரையும் இழுக்க முடியாது. ஆகவே பெண்கள் அணியில் ஒருத்தி ஊர் மாற வேண்டுமென்றால் கல்யாணம்தான் வழி. புருஷன் எந்த ஊருக்கு வரி கொடுக்கிறானோ அதுவே அவள் ஊர்.

சேதி பூங்கனி அக்காவின் டீக்கடைக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் நான் போய் உட்கார்ந்தபோது நம் ரசிகர் கூட்டம் மொத்தமும் அங்கே இருந்தது. ஜெபகனி எழுந்து நின்று, “அண்ணாச்சி, இது கல்யாணம் இல்ல, டிரான்ஸ்ஃபர் ஆக்கும்! எட்டு வருசத்துக்குப் பொறவு அய்யாவாப் பாத்து அனுப்பியிருக்காரு!” என்றான். ஒருத்தன் அவள் முட்டில் பண்ணின ஆபரேஷனைப் பற்றிக் கேட்டான். இன்னொருத்தன் வயசு இருபத்தேழு, இன்னும் ஆறு சீசன் தாங்குவாள் என்றான். வலது கால் சுத்தமாக ஆகாது என்று ஒருத்தன் குறை சொல்ல, “ஓம் வீட்டுல ரெண்டு காலும் ஆகுற ஆளு எவம்லே இருக்கான்?” என்று ஜெபகனி பாய்ந்தான். கல்யாணத்தைச் சீசன் முடிந்து வைப்பதா, முன்னால் வைப்பதா என்று அவர்களே பேசி, முன்னால்தான் என்று முடிவும் பண்ணினார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்த பூங்கனி அக்கா, “ஏலே, பொண்ணு பாக்கப் போறியளா, மாடு பிடிக்கப் போறியளா? பல்ல மட்டுந்தான் இன்னும் கேக்கல்ல” என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு நடக்கிற வழியில் சபிதாவை நம் மஞ்சள் ஜெர்சியில் நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். ஒற்றைப்படையில் போக வேண்டும் என்றாள் சொர்ணம். ஏழு பேர் போனோம். அதில் குடும்பத்தார் மூன்று பேர், மீதி நாலு பேரும் கிளப். பெண்ணின் அப்பா ஐயப்பன், அவர்தான் பிரதர்ஸ் கிளப்புக்குத் தலைவர், மரியாதையாக உட்கார வைத்தார். முந்திரிக்கொத்து வந்தது, ஏத்தங்காய் சிப்ஸ் வந்தது, சபிதா காப்பியோடு வந்தாள். சொர்ணம் வாயைத் திறக்கும் முன்னால் ஜெபகனி, “பிள்ளே, முட்டு இப்பம் எப்பிடி இருக்கு? மடக்கிக் காட்டு பாப்போம்” என்று கேட்டுவிட்டான். சொர்ணம் அவனை முறைத்த முறைப்பில் அவன் கையிலிருந்த முந்திரிக்கொத்து கீழே விழுந்தது. அந்தப் பெண் கொஞ்சமும் அசரவில்லை. “முட்டு கொள்ளாம் அண்ணா, நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குள்ள வலது கால வச்சு வருவேன், கோலு இடது காலால அடிப்பேன். வேற என்ன தெரியணும்?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்ரீகுமார் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த நிமிஷம் எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது, அத்தான்.

அப்போதுதான் ஐயப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு ஐந்து வருஷம் சபிதா நெடுவரம்புக்காக ஆடமாட்டாள், சம்மதம் என்று மாப்பிள்ளை வீட்டார் கையெழுத்துப் போட வேண்டுமாம். “பிள்ளையத் தாறோம் முருகதாஸ். பூட்ஸத் தரமாட்டோம்” என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, எழுந்து நின்று, “பூட்ஸ் இல்லாத மருமவ எங்களுக்கு வேண்டாம்!” என்று சொன்னேன். சபிதா காப்பித் தட்டோடு உள்ளே போய்விட்டாள். நாங்கள் வேனில் ஏறினோம்.

இதற்குத்தான் எல்லாரும் என்னைக் கழுவேற்றுகிறார்கள். சொர்ணம் மூன்று நாளாகப் பேசவில்லை. புட்டு வைக்கிறாள், பயறு வைப்பதில்லை. ஸ்ரீகுமார் கோச் விசிலைக் கழற்றி என் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஜெபகனிக்கு வேறு கோபம். “கையெழுத்தப் போட்டுட்டு, பொறவு பாத்திருக்கலாமே அண்ணாச்சி” என்கிறான். அது எப்படி? நான் கையெழுத்துப் போட்டால் அந்தப்படி நிற்பவன், அதனால்தான் போடவில்லை. இன்னொன்றையும் கேளுங்கள். வரி நம் ஊருக்கு வந்தபிறகு அவள் பிரதர்ஸுக்கு ஆட முடியாது. நமக்கும் ஆடக்கூடாது என்று தாள் எழுதினால் அவள் எங்கே ஆடுவாள்? அடுப்படியிலா? ஐந்து வருஷம் கழித்துப் பூட்ஸை எடுத்தால் பூட்ஸ்தான் இருக்கும், கால் இருக்காது. அப்படி ஆடுகிற ஒரு பிள்ளையை, இடது காலில் அப்படி ஒரு அடி உள்ள பிள்ளையை, தாளில் எழுதிச் சும்மா உட்கார வைக்க அந்த ஐயப்பன் யார், நான் யார்? உண்மையைச் சொன்னால், அன்று எழுந்து நின்றபோது இதெல்லாம் என் மனசில் இல்லை. கோப்பைதான் இருந்தது. இப்போது எழுத எழுதத் தோன்றுகிறது. தோன்றியபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பையன் முகத்தைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவனுக்கு அவளைத் தவிர வேறொருத்தி ஆகாது என்பது இந்தக் கிழட்டு மூளைக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தத் தாளில் என் கையெழுத்து விழாது. பூட்ஸோடு அனுப்பட்டும், மேளம் வைத்துக் கூட்டிவருகிறேன். நீங்களோ அக்காவோ ஐயப்பனுக்குப் போன் பண்ணி எனக்காகத் தணிந்துபோகக் கூடாது. பண்ணினால் உங்களோடும் பேச்சு இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அய்யா உங்கள் வீட்டில் விளக்குக் குறையாமல் வைத்திருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள்.

என்றும் மாறாத,
முருகதாஸ்
தலைவர் (இன்னும்), விடிவெள்ளி கிளப்

பின்குறிப்பு: இன்று வியாழக்கிழமை. காலையில் சபிதா ஸ்கூட்டரில் தனியாக வந்தாள். கையில் ஒரு கவர், அதற்குள் பூட்ஸ். வாசலில் என்னைப் பார்த்து, “மாமா, என் பூட்ஸுக்காக ஒரு ஆளு சண்ட போட்டது நீங்க மட்டுந்தான். எங்க அப்பா அந்தத் தாள எங்கிட்ட கேக்காம எழுதினாரு. நேத்து நானே கிழிச்சுப் போட்டேன்” என்றாள். “உள்ள வா மக்கா” என்றேன். வலது காலைத்தான் வைத்து வந்தாள். சொர்ணம் பயறு வைத்தாள். சாப்பிடும்போது, “நான் எந்த ஊருக்கு ஆடணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல்ல மாமா” என்றாள். நான் பெருமையாக, “நான் கேக்கேன். எந்த ஊருக்குப் பிள்ளே?” என்றேன். “பனங்குழிவிளைக்குத்தான் மாமா” என்றாள். நான் புட்டை விழுங்கும் முன்னால் ஸ்ரீகுமார், “அங்கேயே வீடு பாத்தாச்சுப்பா. ஆபீஸும் பக்கம். வரிக்கும் பேரு கொடுத்தாச்சு” என்றான். அவர்களுக்கு இனி கோச்சும் அவன்தான். கோல் அடிக்கிறவளைக் கேட்டேன், கோச்சைக் கொடுத்திருக்கிறேன். ஜெபகனியிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

தை பதினெட்டு கல்யாணம். அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் முன்னால் வந்துவிடுங்கள். வரும்போது நல்ல துணியில் பிரதர்ஸ்காரர்களின் நீல ஜெர்சி ஒன்று, டபுள் எக்ஸ்எல், சபிதாவின் பத்தாம் நம்பர் போட்டு வாங்கிவரவும். நான் கட்சி மாறவில்லை. நம் ஜெர்சிக்கு உள்ளே போட்டுக்கொள்ளத்தான். சித்திரை வெயிலில் இரண்டாம் பாதியில் மேலே இருப்பதைக் கழற்ற வேண்டி வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.