சிக்னல் மாமா பார்த்த கல்லூரி

கல்லூரி வாழ்க்கையைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே அதிகம் தெரிந்தவர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். போன வருடம் வரை அவர் எந்தக் கல்லூரிக்குள்ளும் கால் வைத்தவரில்லை.

செஞ்சியில் வீடு வீடாக டிஷ் பொருத்துவது அவர் தொழில். மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "சிக்னல் வருதா? சிக்னல் வருதா?" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி கத்துவதால் பெரியவர்களுக்கு அவர் சிக்னல், பிள்ளைகளுக்கு சிக்னல் மாமா. சொந்தப் பெயர் அவருக்கே சற்று யோசித்தால்தான் நினைவுக்கு வரும். திசை பார்க்க எந்தக் கருவியும் வைத்திருக்க மாட்டார். ராஜகிரி மலை வலது தோளுக்கு நேராக வரும்படி நிற்பார், ஒரு கண்ணை மூடி வானத்தைப் பார்ப்பார், டிஷ்ஷை அரை விரற்கடை நகர்த்துவார். கீழே படம் வந்துவிடும். மேகம் இறங்கி மலை மறைந்துவிட்டால் அன்று அவருக்கு விடுமுறை.

பொருத்திய பிறகு சோதனை. மற்றவர்கள் நாலு சேனலை மாற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவருக்கு ஒரு எபிசோட் முழுதாகப் பார்த்தால்தான் சோதனை முடியும். கல்லூரிக் கதை ஓடுகிற ஏழு மணி சீரியல் என்றால் விளம்பரத்தையும் சேர்த்துச் சோதிப்பார். நீ ஏன் காலேஜுக்குப் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "சீட்டு கெடச்சிதுக்கா. போறதுக்குத்தான் கெடைக்கல" என்று சிரித்துவிட்டு ரிமோட்டைத் தேடினார்.

அவருடைய கல்லூரியில் அகலமான கல்படிகள் இருக்கும். ஒரு பெரிய மரம், அதிலிருந்து மஞ்சள் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். மரத்தடி பெஞ்சில் ஐந்து நண்பர்கள். அதில் ஒருத்தி கண்ணாடி போட்டிருப்பாள், ஒருவன் எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருப்பான். வாத்தியார் வகுப்புக்குள் வந்து வாயைத் திறந்ததும் மணி அடித்துவிடும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல் பாடம் நடந்தால் அது காலேஜ் இல்லை, டியூஷன் என்பது அவர் தீர்ப்பு.

என் மகள் நிவேதாவுக்குத் திருச்சிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பெட்டி அடுக்கும்போது சிக்னல் வந்து மேற்பார்வை பார்த்தார். நான் வைத்த குடையை எடுத்து வெளியே போட்டார்.

"கொட இருந்தா எவக்கா இவளுக்குக் கொட புடிப்பா? அப்பறம் ஃப்ரெண்டு எப்டி கெடைக்கும்?"

நான் படித்தவள்தான். ஆனால் அஞ்சல் வழியில் படித்தவள். ஹாஸ்டல், கேன்டீன், மரத்தடி எல்லாம் நானும் டிவியில் பார்த்ததுதான். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. குடையை என் கையாலேயே பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நிவேதா போன் செய்வாள். நாலே முக்காலுக்கு எங்கள் வீட்டு டிஷ்ஷில் ஏதாவது கோளாறு வந்துவிடும். சிக்னல் ஏணியோடு வருவார். நான் டீ போட்டுக் கொடுத்து, போனை ஸ்பீக்கரில் வைப்பேன். முதல் இரண்டு வாரம் அவள் அதிகம் பேசவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து கொட்ட ஆரம்பித்தாள். மரத்தடியில் உட்காருவார்களாம், மொத்தம் ஐந்து பேராம். கண்ணாடி போட்ட தோழி படிக்கட்டில் புத்தகத்தைச் சிதறவிட்டாளாம், இவள் பொறுக்கித் தந்தாளாம், அப்படித்தான் பழக்கமாம். சிக்னல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி நீலமாகிக்கொண்டே வரும். வாழாத ஒரு வாழ்க்கைக்குள் நாங்கள் இரண்டு பேரும் மஞ்சள் பூவை மிதித்துக்கொண்டு மெதுவாக நடந்து போவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலைவிழா மேடையில் கரண்ட் போய்விட்டதாகச் சொன்னாள். கண்ணாடித் தோழி பாட்டை நிறுத்தவில்லையாம். அத்தனை பேரும் செல்போன் டார்ச்சை ஏற்றிப் பிடித்தார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சிக்னலின் டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

"யக்கா, இது செவ்வாக்கெழம வந்துச்சு."

"எது?"

"இந்தக் கரண்டு போறது. ஏழு மணி சீரியல்ல. டார்ச்சுகூட அதேதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மகளைப் பொய் சொல்கிறாள் என்கிறாயா என்று கேட்டேன்.

"பொய் சொல்லலக்கா, பாத்துக்கினு இருக்குறா. தெனம் ஒண்ணு விடாம அத யாரு பாப்பா? கூடப் பேச ஆள் இல்லாதவங்கதான் பாப்பாங்க." ஏணியை எடுத்துக்கொண்டே சொன்னார். "எனக்குத் தெரியாதா?"

வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். முன்னோட்டத்தில் காட்டினார்களாம், இந்த வாரம் கதைப்படி அந்தக் கண்ணாடிப் பெண்ணுக்கு ஜுரம் வரும், ஆம்புலன்ஸ் வரும். அந்த வாரம் முழுக்க நான் டிவியைப் போடவே இல்லை. போட்டால் உண்மையாகிவிடும் என்ற பயம்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. "அம்மா, பாவம்மா அவ, கண்ணாடி போட்டிருப்பாளே, அவளுக்கு ஜொரம். ஆம்புலன்ஸ்லாம் வந்துச்சு."

சிக்னல் போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"நிவேதா, அங்க மரம் இருக்குதாடா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இல்ல மாமா" என்றாள். "மரமே இல்ல."

பிறகு அழுகை. மூன்று பேர் தங்கும் அறையில் மூன்று பேரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்களாம். மழையில் நனைந்துகொண்டே வகுப்புக்குப் போனாளாம், யாரும் குடை பிடிக்கவில்லையாம். பாடம் நடத்துவது வேகமாகப் போகும் இங்கிலீஷ். பதினோரு நாளாக வகுப்புக்கே போகவில்லை. இன்னும் ஒரு வாரம் போகாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வந்து கூட்டிக்கொண்டு போம்மா என்றாள்.

மறுநாள் காலை விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். மகளைத் திரும்ப அழைத்துவரப் போகிறேன் என்றே நினைத்திருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு சிக்னலும் வந்தார். வாழ்க்கையில் முதன்முறையாகக் கல்லூரிக்குப் போகிறவர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளையின் கலவரம் இருந்தது.

உள்ளே நுழைந்தால் கண்ணாடிச் சுவர்க் கட்டடங்கள், சிமென்ட் தரை, வெயில். சிக்னல் நாலு பக்கமும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"செட்டு சரியில்லக்கா" என்றார்.

ஹாஸ்டல் வரவேற்பறையில் நிவேதா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பாதி இளைத்திருந்தாள். அவளுடைய அறைத்தோழி, தென்காசிப் பெண், இவள் போய்விடுவாளோ என்று பார்ப்பதற்கு இறங்கி வந்து தூணருகே நின்றாள். அவள் கழுத்தில் தொங்கிய ஒயரில் என்னமோ சன்னமாகக் கேட்டது. சிக்னல் தலையைச் சாய்த்தார். எத்தனையோ மொட்டை மாடிகளில் நின்று, கீழே டிவி பாடுவதைக் கேட்ட காது அது.

"ஏம்மா, இது ஏழு மணி டைட்டில் பாட்டு இல்ல?"

அந்தப் பெண் வெட்கத்தோடு தலையாட்டினாள். அறையில் மிச்சமிருக்கும் இன்னொருத்தி என்ன பார்க்கிறாள் என்று விசாரித்தார். அவளும் அதைத்தான் பார்க்கிறாளாம். நிவேதா அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயும் அதையா பாக்குற?"

"நான் மொத எபிசோட்ல இருந்தே பாக்கேன்" என்றாள் தென்காசிக்காரி.

சிக்னலுக்குத் தொழில் ரீதியாகக் கோபம் வந்தது. "ஒரே ரூமு, மூணு கனெக்‌ஷனா? ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதாதா? சேந்து பாருங்களேம்மா."

முதலில் சிரித்தது தென்காசிப் பெண்தான். பிறகு என் மகள். அவள் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தக் கண்ணாடிப் பெண் ஒருநாளாவது கண்ணாடியைத் துடைத்திருக்கிறாளா என்று இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். நான் அவள் பெட்டியைத் தூக்க வந்தவள். வெறுங்கையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நிவேதாவே, "இந்த செமஸ்டர் மட்டும் பாக்குறேம்மா" என்றாள்.

கிளம்பும்போது சிக்னல் தன் பையிலிருந்து ஒரு புதுக் குடையை எடுத்து அவளிடம் நீட்டினார். யார் முகத்தையும் பார்க்காமல், "பெருசு. ரெண்டு பேரு தாராளமா போலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் இன்னும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். அவள் இப்போது சொல்வதில் சுவாரசியமே இல்லை. சாம்பார் தண்ணி, மோட்டார் ரிப்பேர், ரெக்கார்ட் நோட்டு காணோம். சிக்னல் பழையபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். போன வாரம் மழையாம். குடையில் மூன்று பேர் போனார்களாம், மூன்று பேருமே நனைந்தார்களாம். போனை வைத்ததும் பயத்தோடு சிக்னலின் முகத்தைப் பார்த்தேன். அவர் விரல்விட்டு ஒவ்வொரு சீரியலாக எண்ணிப் பார்த்தார்.

"இது எதுலயும் வர்லக்கா" என்றார். "நெஜந்தான்."

அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எங்கள் வீட்டு டிஷ்ஷில் வாராவாரம் என்ன கோளாறு என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. நாலே முக்காலுக்கு டீயைப் போட்டு வைத்துவிட்டு, சுவரில் ஏணி சாத்தும் சத்தம் கேட்கிறதா என்று காத்திருக்கிறேன்.